மாத்திரைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல் கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். ரொம்ப நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் சொன்னான். "ரத்தம் குடுக்கப் போனேன்டா. அப்புறம் நம்பிக்கை மையத்துக்குப் போய் மறுபடி டெஸ்ட் பண்ணினாங்க. எச்.ஐ.வி. இருக்காம். மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவன் அடுத்துக் கேட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நீ எதையாவது தோண்டித் தோண்டிப் படிப்பியே, நான் என்ன சாப்பிடணும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?"

கூடவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலையும் அனுப்பினான். பூண்டு கூடாது, பால் கூடாது, நெய் கூடாது, மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் கட்டாயம் என்று இருபதுக்கும் மேற்பட்ட கட்டளைகள். அதை அப்படியே பின்பற்றி மூன்று வாரத்தில் மூன்று கிலோ இளைத்திருந்தான். இளைத்ததைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து இன்னும் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். இந்தக் கட்டுரை சிகிச்சைக்கான ஆலோசனை இல்லை. அவனுக்காக ஆய்வுக் கட்டுரைகளையும் மருந்துகளோடு வரும் தகவல் தாள்களையும் படித்தபோது எடுத்த குறிப்புகள், அவ்வளவுதான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவனை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பழைய விதிகள் எங்கிருந்து வந்தன?

அந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது மூடநம்பிக்கை என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அதில் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. எங்கள் தொழிலில் பழைய வெர்ஷனுக்கு எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு புது வெர்ஷனை ஓட்டப் பார்ப்பார்களே, அந்தக் கதைதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1996 வாக்கில், உலகில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. அப்போதைய முக்கியமான மருந்துகளில் ஒன்று இண்டினாவிர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில் போட வேண்டும். சிறுநீரகத்தில் கல் உண்டாக்கும் என்பதால் தினமும் குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். டிடனோசின் என்ற மருந்துக்கும் வெறும் வயிறுதான். சாக்வினாவிருக்கோ நேர் எதிர், சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் ஏறும்.

பூண்டு விஷயமும் அங்கிருந்து வந்ததுதான். 2002-ல் வெளியான ஒரு ஆய்வில், பூண்டு கேப்சூல் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் சாக்வினாவிரின் அளவு சுமார் பாதியாகக் குறைந்தது. அது செறிவூட்டிய பூண்டு கேப்சூல், அதுவும் இன்று ஏறக்குறைய யாருமே பயன்படுத்தாத ஒரு மருந்தோடு. ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல்லைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

இந்தியாவில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ம் தேதி. தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. பிறகு பல வருஷங்கள் புழக்கத்தில் இருந்தது எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை. கொழுப்புச் சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அதன் அளவு கூடி, தலைச்சுற்றலும் கெட்ட கனவும் அதிகமாகும். அதனால்தான் "ராத்திரி, வெறும் வயிறு, நெய் கூடாது" என்றார்கள்.

ஆக ஒவ்வொரு விதிக்கும் ஒரு மருந்து இருந்தது. மருந்துகள் போய்விட்டன, விதிகள் மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இன்றைய மாத்திரை

2020-க்குப் பிறகு இங்கே படிப்படியாகப் பரவியது டி.எல்.டி. என்ற ஒற்றை மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் ஒன்றாக. ஒரு நாளைக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். சாப்பிட்ட பிறகு போட்டால் டோலுடெக்ராவிர் இன்னும் அதிகமாகவே உடம்பில் ஏறுகிறது. கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு 33 சதவீதம், கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு 66 சதவீதம் கூடுதல். அதனால் தொந்தரவு எதுவும் வராது.

நான் அவனுக்குச் சொன்ன முதல் பதில் இதுதான்: "அந்த லிஸ்டைத் தூக்கிப் போடு. அம்மா என்ன சமைக்கிறாங்களோ அதைச் சாப்பிடு."

பாதி சரியான பதில். மீதிப் பாதி ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஆறாவது மாத டெஸ்ட்

சிகிச்சை ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் வைரல் லோடு பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. டோலுடெக்ராவிர் வேகமாக வேலை செய்யும் மருந்து, அதற்குள் எண்ணிக்கை அடியோடு குறைந்திருக்க வேண்டும். இவனுக்குக் குறையவில்லை.

மாத்திரையை விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போடுகிறான் என்று சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம், பெரும்பாலும் காரணம் அதுதான். ஆனால் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு கச்சிதமாக இருந்தது. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

அன்று ராத்திரி போனில் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். ஒரு புரோகிராம் ஏன் படுத்தது என்று தெரியாவிட்டால், அந்த நேரத்தில் கூடவே ஓடிக்கொண்டிருந்தது என்னென்ன என்று பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி. "மருந்தை விடு. மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம், உன் வாய்க்குள்ள என்னெல்லாம் போகுது? ஒண்ணு விடாம சொல்லு."

சாப்பாடு. ஒரு வாழைப்பழம். மாத்திரை. அப்புறம், "நெஞ்செரிச்சல்டா, அந்த பிங்க் கலர் ஜெல் ரெண்டு மூடி குடிப்பேன். டெய்லி. அது மருந்தா என்ன?"

ஒரே கொக்கி

இங்கே கொஞ்சம் வேதியியல். எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் ஒட்ட வைக்க இன்டெக்ரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. அந்த நொதியின் மையத்தில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை இல்லாமல் ஒட்டும் வேலை நடக்காது. டோலுடெக்ராவிரின் மூலக்கூறில் ஆக்சிஜன் அணுக்கள் ஒரு கொக்கி மாதிரி அமைந்திருக்கின்றன. அந்தக் கொக்கி போய் இரண்டு மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் வேலை நின்றுவிடும். மருந்து வேலை செய்வதே உலோகத்தைப் பிடிக்கும் குணத்தால்தான்.

பிரச்சினையும் அதே குணம்தான். வயிற்றில் ஏற்கெனவே மெக்னீசியமும் அலுமினியமும் நிறைய இருந்தால், மருந்து வைரஸிடம் போவதற்கு முன்பே அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்படி உலோகத்தோடு கட்டிய மருந்தைக் குடல் உறிஞ்சாது. ஜெலுசில், டைஜீன் மாதிரியான ஆன்டாசிட்களில் இருப்பது பிரதானமாக அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும்.

எவ்வளவு குறையும்? அளந்திருக்கிறார்கள். அலுமினியம்-மெக்னீசியம் ஆன்டாசிட்டை மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் ஏறும் டோலுடெக்ராவிர் 74 சதவீதம் குறைகிறது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடித்தால் இழப்பு 26 சதவீதம்தான், அது பரவாயில்லை. அதனால் விதி இப்படி:

மாத்திரை முதலில் என்றால், 2 மணி நேரம் கழித்து ஆன்டாசிட். ஆன்டாசிட் முதலில் போய்விட்டால், 6 மணி நேரம் கழித்து மாத்திரை.

இரண்டும் ஏன் வேறுவேறு? மருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்துக்குள் போய்விடும். உலோகம் குடலில் ரொம்ப நேரம் தங்கும்.

அவன் மறுநாளே போய் டாக்டரிடம் சொன்னான். நேரத்தை மாற்றினார்கள், நெஞ்செரிச்சலுக்கு வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் மாறியது அது ஒன்றுதான்.

கால்சியமும் இரும்பும்

கால்சியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் இதே வரிசைதான், ஆனால் ஒரு சலுகை உண்டு. வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் 39 சதவீதமும், இரும்பு மாத்திரையோடு போட்டால் 54 சதவீதமும் குறைகிறது. அதே ஜோடியைச் சாப்பாட்டோடு போட்டால் இழப்பே இல்லை. ஆகவே இரும்பு, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் மூன்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், இல்லையென்றால் மேலே சொன்ன 2, 6 மணி நேரக் கணக்கு. இந்தச் சலுகை ஆன்டாசிட்டுக்குக் கிடையாது.

இதையெல்லாம் படித்தால் கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை பயம் வந்துவிடும். வரக்கூடாது. அவை சாப்பாடு, மாத்திரை இல்லை. டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் கால்சியம் உள்ள உணவு தேவையும்கூட. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாம்.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, "இது இங்கிலீஷ் மருந்து இல்லை, சேர்த்துச் சாப்பிடலாம்" என்று எடுத்துக்கொள்ளும் பற்பங்களும் செந்தூரங்களும். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் அடிப்படையில் கால்சியம். அயச்செந்தூரம் இரும்பு. கொக்கிக்கு சித்தா, அலோபதி என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. ஜிம்முக்குப் போகிறவர்களின் புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின் டப்பாக்களிலும் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் இதே பெயர்கள் இருக்கும்.

உலோகம் இல்லாத சிலவும் உண்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு 79 சதவீதம் கூடுகிறது. அதனால் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். டி.பி.க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர், டோலுடெக்ராவிரைக் குறைத்துவிடும். அதனால் அதைச் சாப்பிடும் காலத்தில் டோலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாகக் கொடுப்பார்கள். வலிப்புக்கான சில மாத்திரைகளும் இப்படித்தான். மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், டெனோஃபோவிரோடு சேர்ந்து தொடர்ந்து போனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் காரணத்துக்காகப் போனாலும், டி.எல்.டி. சாப்பிடுவதைச் சொல்லிவிடுவது நல்லது.

அப்போ என்னதான் சாப்பிடுவது?

எச்.ஐ.வி. உள்ளவர், வேறு தொந்தரவு எதுவும் இல்லாதபோது, வழக்கத்தைவிட சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2003 பரிந்துரை. கூட நோய்த்தொற்று இருக்கும்போது 20 முதல் 30 சதவீதம். 10 சதவீதம் என்றால் எவ்வளவு? 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 200 கலோரி. ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம். தினமும் ஆட்டுக்கால் சூப், பாதாம் அரைக் கிலோ என்றெல்லாம் தேவையில்லை.

இன்றைக்கு உண்மையான சவால் இளைப்பது இல்லை, எடை போடுவது. தென்னாப்பிரிக்காவில் நடந்த அட்வான்ஸ் என்ற ஆய்வில், டி.எல்.டி.க்கு மிக நெருங்கிய ஒரு கூட்டு மருந்தை எடுத்தவர்கள் 48 வாரத்தில் சராசரியாக சுமார் 3 கிலோ கூடினார்கள். அதில் ஒரு பகுதி, நோயில் இழந்த எடை திரும்பி வருவது. அது நல்லது. அதற்கு மேல் இடுப்பைச் சுற்றி ஏறுவதுதான் பிரச்சினை. சர்க்கரை நோய் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கும் ஊர் நம்முடையது.

ஆகவே நாற்பது தாண்டிய எவருக்கும் சொல்வதைத்தான் இவனுக்கும் சொன்னேன். தட்டில் சோறு பாதியாகட்டும். அந்த இடத்துக்குக் காய், கீரை, பருப்பு, முட்டை, மீன் வரட்டும். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். தினம் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடை.

சி.டி.4 குறைவாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் மட்டும் கூடுதலாக ஒன்று: எது சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். கொதித்து ஆறிய தண்ணீர், நன்றாக வெந்த கறி, முழுதாக வெந்த முட்டை, காய்ச்சிய பால். வெளியில் வெட்டி வைத்த பழம், சட்னி வேண்டாம்.

சிகரெட்

இது அவனுக்குப் பிடிக்காத பகுதி. டென்மார்க்கில் நல்ல சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. உள்ளவர்களை வைத்து 2013-ல் வந்த ஆய்வு ஒன்று. அவர்கள் எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுள் சுமார் 5 வருஷம், சிகரெட்டால் இழந்தது சுமார் 12 வருஷம். வைரஸைப் பார்த்துத் தூங்காமல் இருந்தவன், பால்கனியில் நின்று தினம் ஆறு பிடித்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டு எண்களையும் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது இரண்டாகக் குறைத்திருக்கிறான். பூஜ்யம் ஆகும் வரை நான் விடப்போவதில்லை.

வைரஸ் அடங்கியிருந்தாலும் உடம்பில் லேசான அழற்சி தொடர்வதால், மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். ரிப்ரீவ் என்ற ஆய்வில் 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேரில் பாதிப் பேருக்கு பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய இதய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வந்தது. நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

குடியைப் பற்றி ஒரே வரி: ஈரலுக்குக் கெடுதல் என்பது ஒரு பக்கம், குடித்த ராத்திரி மாத்திரை மறந்துபோகும் என்பது இன்னொரு பக்கம்.

நேரம்

மாத்திரையைச் சாப்பாட்டோடு கட்டிவிடுவதுதான் சுலபமான வழி. ராத்திரி சாப்பாடு, கை கழுவு, மாத்திரை. விரதம் இருக்கலாம், நோன்பு வைக்கலாம், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான் என்பதால் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். மாத்திரைக்கு மட்டும் விரதம் கிடையாது. "நல்லா ஆயிடுச்சு, கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம்" என்பதும் கூடாது. நிறுத்தினால் வைரஸ் சில வாரத்தில் திரும்பி வரும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கி வைப்பவை. அது இருப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் ஈரல் மோசமாக பாதிக்கப்படலாம்.

ஒரு தட்டு

கடைசியாக, இது பட்டியலில் இல்லாதது. நோய் தெரிந்த நாளிலிருந்து அவன் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. சின்ன மகள் அவன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளவள். அவள் கை நீட்டினால் தட்டை நகர்த்திவிடுவான். "அப்பாக்கு என் மேல கோவமா"ன்னு அம்மாகிட்ட கேட்டிருக்கிறாள்.

தட்டு, டம்ளர், எச்சில், ஒரே சோறு எதனாலும் எச்.ஐ.வி. பரவாது. வைரல் லோடு எவ்வளவு இருந்தாலும் பரவாது. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவிலும் பரவுவதில்லை. பார்ட்னர்-2 என்ற ஆய்வில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமலும், சிகிச்சையில் வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து மற்றவருக்கு ஒரு தடவைகூடத் தொற்றவில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள்.

தட்டு விஷயம் எனக்குத் தெரிய வந்ததே தாமதமாகத்தான். நான் மெக்னீசியம், கால்சியம் என்று சதவீதக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உண்மையில் கேட்ட கேள்வி "நான் என்ன சாப்பிடணும்" என்பது இல்லை, "நான் யாரோட உக்காந்து சாப்பிடலாம்" என்பது. அது எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆனது.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு தோசை. மகள் அவன் தட்டிலிருந்து முறுகலான ஓரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அந்த பிங்க் பாட்டிலைக் காணோம்.